மோட்டார் சைக்கிள் பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய புல்லட்டையோ யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியையோ கடைசி போல்ட் வரை பிரித்துப் புதுப்பிக்கத் தொடங்குகிறவர்கள், சேசிஸை பெயின்ட் கடைக்கு அனுப்புவதா, பவுடர் கோட்டிங் பட்டறைக்கு அனுப்புவதா என்ற கேள்வியில்தான் முதலில் நிற்கிறார்கள். அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன. வண்டி முழுவதற்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது, ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பவுடர் கோட்டிங்கில் நடப்பது என்ன?

பிசின், நிறமி, இறுகவைக்கும் வேதிப்பொருள் ஆகியவற்றை உருக்கிக் கலந்து, ஆறவைத்து, மாவாக அரைத்த பொடியே இங்கே பெயின்ட். இதில் தின்னர் கிடையாது. துப்பாக்கி வழியாக ஊதப்படும் பொடித் துகள்களுக்கு அதன் முனையிலுள்ள 60 முதல் 100 கிலோவோல்ட் வரையான அழுத்தம் மின்னூட்டம் தருகிறது. எர்த் செய்யப்பட்ட கொக்கியில் தொங்கும் பாகம் அந்தத் துகள்களை இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது. பிறகு பாகத்தை ஓவனில் வைத்தால் பொடி உருகிப் பரவி, வேதிவினையால் இறுகி ஒரே படலமாகிறது. பெரும்பாலான பொடிகளுக்கு உலோகம் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, அந்தச் சூட்டிலேயே 10 முதல் 20 நிமிடம் நிற்க வேண்டும்.

பெயின்ட்டைவிட இதில் என்ன நன்மை?

முதல் நன்மை படலத்தின் கனமும் உறுதியும். ஒரே பூச்சில் 60 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் கிடைக்கிறது. வழிந்து கோடு விழுவதும் அரிது. சாதாரணமாகச் சாவி உரசினாலோ, கழற்றி மாட்டும்போது ஸ்பேனர் பட்டாலோ பெயின்ட் பெயர்ந்துவிடும் இடங்களில் இது தாங்கி நிற்கிறது. சென்டர் ஸ்டாண்ட், ஃபுட்ரெஸ்ட் தாங்கி, பேட்டரி பெட்டி போன்ற பாகங்களைப் பெயின்ட் அடித்த ஒரு வருடத்திலேயே பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும்.

பெட்ரோல், பிரேக் ஆயில் ஆகியவை சிந்தினாலும் நன்றாக வெந்த பூச்சு பழைய டூக்கோ பெயின்ட் அளவுக்கு எளிதில் கரைவதில்லை. ஆனாலும் பிரேக் ஆயிலை அப்படியே விட்டுவிடக் கூடாது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதே சரி.

வேலை செய்கிறவருக்கும் இது நல்லது. தின்னர் ஆவி இல்லை; பாகத்தில் ஒட்டாத பொடியைச் சேகரித்து மறுபடியும் பயன்படுத்தலாம்; ஓவனிலிருந்து எடுத்து ஆறியவுடன் பாகத்தை வண்டியில் மாட்டலாம். பெயின்ட்டைப் போல நாள்கணக்கில் காயவைக்க வேண்டியதில்லை.

எந்தப் பாகங்களுக்குத் தயக்கமின்றி அடிக்கலாம்?

சேசிஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டுகள், இன்ஜின் தாங்கும் பிளேட்டுகள், கிராப் ரெயில், லெக் கார்டு, கேரியர், செயின் கவர், எல்லா வகை பிராக்கெட்டுகள் ஆகியவற்றுக்கு அடிக்கலாம். இவை வெறும் உலோகம். ஓவன் சூடு இவற்றை ஒன்றும் செய்யாது. ரப்பர் புஷ், பேரிங், பிளாஸ்டிக் என எரியக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஸ்விங் ஆர்மில் சைலன்ட் பிளாக் என்ற ரப்பர் புஷ்ஷைக் கழற்றாமல் விட்டுவிட்டு ஓவனில் ஏற்றினால் ரப்பர் கெட்டுப்போகும். ஷாக் அப்சார்பரைப் பிரிக்காமல் சூடேற்றவே கூடாது. உள்ளே எண்ணெயும், சிலவற்றில் அழுத்தமான வாயுவும் இருக்கின்றன. அது உயிருக்கே ஆபத்து.

பெட்ரோல் டேங்கிற்கும் மட்கார்டுக்கும் அடிக்கலாமா?

என் பதில், வேண்டாம். பழைய டேங்குகளில் பெரும்பாலும் எங்கேயாவது நெளிவு எடுத்திருப்பார்கள்; டிங்கரிங் செய்து பட்டி போட்டுத் தேய்த்திருப்பார்கள். சாதாரண பட்டி 200 டிகிரியில் வெடித்துப் பெயர்ந்துவிடும். ஒழுகலை அடைக்க ஈயப் பற்று வைத்திருந்தால், பலவகை ஈயப் பற்று 190 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்குவதால், ஓவனில் அது வழிந்து ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். இவற்றையெல்லாம்விடப் பெரியது, டேங்கின் மடிப்புகளில் தங்கியிருக்கும் பெட்ரோல். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். அது சூடான ஓவனுக்குள் போனால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

அழகு என்று பார்த்தாலும் டேங்கிற்குப் பெயின்ட்தான் ஏற்றது. பொடி உருகிப் பரவும்போது ஆரஞ்சுத் தோல் போன்ற மெல்லிய மேடுபள்ளம் ஓரளவுக்கேனும் இருக்கும். அதைத் தேய்த்துக் கண்ணாடி போலாக்குவது கடினம். புல்லட் டேங்கின் ஓரத்தில் கையால் இழுக்கப்படும் தங்கக் கோடு போன்ற நுட்பங்களும், கோடுகளுக்கு மேல் அடிக்கும் கிளியர் கோட்டும் பெயின்ட் உலகத்தைச் சேர்ந்தவை. சேசிஸிற்குப் பவுடர், டேங்கிற்கும் மட்கார்டுக்கும் பெயின்ட் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. இரண்டும் கறுப்பாக இருந்தால் பளபளப்பு சற்று வேறுபடும் என்பதை மட்டும் முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைலன்சருக்கு?

சாதாரண பாலியெஸ்டர் பொடி கூடாது. இன்ஜினை ஒட்டிய பெண்ட் பைப் பல நூறு டிகிரி சூடாகும். பூச்சு பழுத்துக் கருகி உதிர்ந்துவிடும். சிலிக்கோன் பிசினில் செய்த உயர்வெப்பப் பொடிகள் தனியாக உண்டு. அவற்றைக் கைவசம் வைத்திருக்கும் பட்டறையை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

இன்ஜின் பிளாக்கில் அடித்தால் இன்ஜின் சூடாகிவிடுமா?

மக்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்; பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத படலம் வெப்பத்தைத் தடுப்பது மிகக் குறைவு. பிளாக்கைக் குளிர்விக்கும் தகடு வரிசையான ஃபின்களிலிருந்து காற்றுக்கு வெப்பம் மாறுவதில் இயல்பாக உள்ள தடையோடு ஒப்பிட்டால் அது சில விழுக்காடுதான். கறுப்பு நிறப் பூச்சு வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்றுவதில் வெறும் அலுமினியத்தைவிட மேலானது. எனவே மெல்லியதாக, சீராக அடித்தால் பிளாக் சூடேறிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நெருக்கமான ஃபின்களின் ஆழத்தில் பொடி சரியாகப் போய்ச் சேர்வதில்லை. மின்புலம் விளிம்புகளுக்கே துகள்களை இழுத்துச் செல்வதால் விளிம்பில் தடிப்பாகவும் உள்மூலையில் வெறுமையாகவும் நின்றுவிடும். எக்சாஸ்ட் வாயை ஒட்டிய பகுதியில் சூட்டால் நிறமும் மாறும்.

உண்மையான ஆபத்து பூச்சுக்கு முந்தைய மணல் ஊதலில் இருக்கிறது. இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் எண்ணெய்த் துளைகளுக்குள் ஒரு சிட்டிகை மணல் தங்கினால் போதும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அது பேரிங்கைத் தின்றுவிடும். பழைய வார்ப்பிரும்பு புல்லட் இன்ஜினில் ஆயில் டேங்கே கிராங்க் கேஸோடு சேர்ந்திருப்பதால் உள்ளே மூலைமுடுக்குகள் அதிகம். இன்ஜின் கேஸை ஊதக் கொடுப்பதைவிட, நன்றாகக் கழுவி, பாலிஷ் செய்தோ உயர்வெப்பப் பெயின்ட் அடித்தோ விடுவதையே நான் சொல்வேன்.

அலாய் வீலும் ஸ்போக் ரிம்மும்?

அலாய் வீல்கள் பல ஆலையிலிருந்தே பவுடர் கோட்டிங்கோடு வருகின்றன. மறுபடி அடிப்பதும் வழக்கமே. ஆனால் வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் காற்றும் எண்ணெயும் தங்கியிருக்கும். நேரே பொடி அடித்து ஓவனில் வைத்தால் அவை கொதித்துக் குமிழாக வெளியேறிப் பூச்சில் ஊசித்துளைகளை விட்டுச்செல்லும். அதனால் முதலில் வெறும் வீலை ஓவனில் சூடேற்றி, உள்ளிருப்பதை வெளியேறவிட்டு, ஆறியபின் அடிக்க வேண்டும். பழைய பூச்சை எரித்து நீக்கும் ஓவனில் அலாய் வீலை ஒருபோதும் வைக்கக் கூடாது. அந்த ஓவன் ஏறத்தாழ 400 டிகிரிக்குப் போகும். வெப்பப் பதத்தால் வலுவூட்டப்பட்ட அலுமினியம் அந்தச் சூட்டில் பதம் இழந்து மென்மையாகிவிடும். வெளியே புதிதாக மின்னும் வீல் குழியில் விழும்போதுதான் அது தெரியவரும்.

ஸ்போக் ரிம்மில் குரோம் இருந்தால் அதை முழுவதும் நீக்கியாக வேண்டும். வழவழப்பான குரோமின் மேல் பொடி ஒட்டாது. ஸ்போக்கை இறுக்கும் நட்டான நிப்பிள் உட்காரும் துளைகளில் பூச்சு தடித்துவிட்டால், ஸ்போக் இறுக்கிய பிறகு அது நசுங்கி இறுக்கம் தளரும். வீல் கோட்டம் ஆடத் தொடங்கும். புதிய ரிம் என்றால் கொஞ்ச தூரம் ஓட்டிய பின் ஸ்போக்குகளை மறுபடி பார்ப்பது அவசியம்.

அடிப்பதற்கு முன் என்ன தயாரிப்பு வேண்டும்?

பவுடர் கோட்டிங்கின் ஆயுள் முழுவதும் இங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. மேலே எவ்வளவு விலையுயர்ந்த பொடி போட்டாலும் கீழே துருவோ எண்ணெயோ இருந்தால் அது பொய்ப் பூச்சு.

பட்டறைகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செவன் டேங்க் என்று அழைக்கப்படும் ஏழு தொட்டி முறை: எண்ணெய் நீக்குதல், அமிலத்தில் துரு நீக்குதல், பாஸ்பேட் ஏற்றுதல், இடையிடையே நீரில் அலசுதல் எனப் பாகம் வரிசையாக முங்கி எழும். ஆலைத் தயாரிப்புத் தகடுகளுக்கு இது மிகச் சிறந்தது. ஆனால் பழைய சேசிஸை அமிலத் தொட்டியில் முக்கினால், மூடிய குழாய்களுக்குள் அமிலம் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கிவிடும். பிறகு ஓவனில் கசிந்து பூச்சைக் கெடுப்பதோடு உள்ளிருந்தே இரும்பையும் அரிக்கும். உயர்வலிமை போல்ட்டுகளை அமிலத்தில் முக்கினால் ஹைட்ரஜன் உள்ளே ஏறி அவை திடீரென உடையும் அபாயமும் உண்டு. எனவே போல்ட்டுகளுக்கு இந்த வேலையே வேண்டாம். நல்ல துத்தநாக முலாம் பூசிய புதியவற்றை வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது வழி, மணல் ஊதிச் சுத்தம் செய்தல். பெயர்தான் சாண்ட் பிளாஸ்டிங். ஆற்று மணலை ஊதுகிற பட்டறையை நான் தவிர்க்கச் சொல்கிறேன். அந்தச் சிலிக்காத் தூசி தொழிலாளியின் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தருகிறது. நம் வண்டி பளபளக்க ஒருவர் மூச்சை இழக்கக் கூடாது. இரும்புத் துகளோ அலுமினியம் ஆக்சைடோ கண்ணாடி மணியோ பயன்படுத்தும் இடங்கள் இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள். ஊதி முடித்த இரும்பு வெறும் உடம்போடு நிற்கும் உலோகம். சென்னை போன்ற ஈரக் காற்றுள்ள ஊரில் சில மணி நேரத்திலேயே மேலே மெல்லிய துரு படரும். ஊதும் இடமும் கோட்டிங் இடமும் வேறு வேறு என்றால் ஒரே நாளில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெறுங்கையால் தொடவும் கூடாது.

பழைய பூச்சு உரிந்து உலோகம் தெரியும் அந்த இடைவெளியில்தான் சேசிஸில் கீறல், வெல்டிங் விரிசல், வளைவு எல்லாவற்றையும் தேட வேண்டும். விரிசலைக் காட்டும் சாயத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. பவுடர் கோட்டிங் தடிப்பாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருப்பதால் மயிரிழை விரிசலைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருக்கும். வெல்டிங், நிமிர்த்தல், புது பிராக்கெட் ஒட்டுதல் அனைத்தையும் கோட்டிங்கிற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடம் எரிந்துபோகும்.

எந்த இடங்களை மறைக்க வேண்டும்?

மரைகள், பேரிங் உட்காரும் இடங்கள், ஆக்சில் துளைகள், புஷ் போகும் குழாய், இன்ஜின் தாங்கி தொடும் முகங்கள், எர்த் ஒயர் சேரும் இடம் ஆகியவற்றைச் சூடு தாங்கும் டேப்பாலும் சிலிக்கோன் கார்க்குகளாலும் மறைக்க வேண்டும். 80 மைக்ரான் என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை; ஆனால் பேரிங் இருக்கைக்கு அது பெரிய அளவு. பூச்சின் மேல் பேரிங்கை அடித்து இறக்கினால் கோணலாக உட்காரும். கழுத்துப் பேரிங்கில் அப்படி நேர்ந்தால் ஹேண்டில் கனக்கும்.

போல்ட் இறுக்கும் முகங்களில் பூச்சு இருப்பது இன்னும் நுட்பமான தொல்லை. இறுக்கும்போது சரியான டார்க் (முறுக்கு விசை) காட்டும். நாள் செல்லச் செல்லப் பிளாஸ்டிக் படலம் நசுங்கி இறுக்கம் குறைந்துவிடும். இன்ஜின் மவுண்ட்டில் இது நடந்தால் அதிர்வு கூடும், போல்ட் தேயும்.

என் 350 சிசி புல்லட்டை முதன்முறை கோட்டிங் கொடுத்து மாட்டியபோது, எல்லாம் சரியாக இருந்தும் ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்யவில்லை. ஒயரிங்கைப் பிரித்து இரண்டு நாள் தேடிய பிறகே, சேசிஸில் எர்த் போல்ட் சேரும் இடத்தைப் பட்டறையில் மறைக்காமல் விட்டிருந்தது தெரிந்தது. அந்தக் காசளவு இடத்தைத் தேய்த்து உலோகத்தைக் காட்டியதும் எல்லாம் உயிர்பெற்றன. அதிலிருந்து, பாகத்தைக் கொடுக்கும்போதே ஒவ்வொரு மறைப்பிடத்தையும் மார்க்கரால் வட்டமிட்டுப் படம் எடுத்து, பட்டறைக்காரரிடம் பட்டியலாகவும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

சேசிஸ் நம்பர், ஆர்.சி. சிக்கல் வருமா?

வரலாம். பெரும்பாலான வண்டிகளில் எண் ஹேண்டில் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் மாற்றத்தின்போது அதன் மேல் காகிதம் வைத்து பென்சில் பிரின்ட் எடுக்க வேண்டிவரும். தடித்த பூச்சு எழுத்துகளை நிரப்பிவிட்டால் எண் படியாது. வேகமாக மணல் ஊதினால் எழுத்தே தேய்ந்துபோகும், அது இன்னும் மோசம். எண்ணின் மேல் ஊதும்போதும் பூசும்போதும் டேப் ஒட்டச் சொல்லி, பிறகு மெல்லிய பெயின்ட்டைக் கையால் தீட்டிவிடுங்கள். வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருப்பதால், டேங்கின் நிறத்தை மாற்ற நினைப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பெரிய குறை எது?

பூச்சு பெயரும்போது நடப்பதுதான். கல் பட்டு ஓர் இடத்தில் பூச்சு உடைந்தால், பெயின்ட் போல அந்தப் புள்ளியோடு நிற்பதில்லை. ஈரம் படலத்துக்கு அடியில் மெல்ல ஊர்ந்து போகிறது. வெளியே பூச்சு முழுதாகத் தெரியும், உள்ளே துரு படர்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் நகத்தால் நெம்பினால் தகடாகக் கழன்று வரும். அலுமினியத்தில் இது வெள்ளைப் புழு ஊர்ந்தது போன்ற கோடுகளாகத் தெரியும். மேலும் ஓரிடத்தை மட்டும் திருத்த முடியாது. சரியாகச் செய்ய வேண்டுமென்றால் முழுப் பாகத்தையும் கழற்றி உரித்து மறுபடி அடிக்க வேண்டும்.

உரிப்பதும் எளிதல்ல. மணல் ஊதினால் நெகிழ்வான படலம் மணலைத் திருப்பி அடிக்கும், நேரம் பிடிக்கும். இரசாயன ரிமூவர்கள் வேலை செய்யும், ஆனால் வலுவானவற்றில் உள்ள மெத்திலீன் குளோரைடு மூடிய அறையில் உயிரையே பறிக்கக் கூடியது. வீட்டில் அதைத் தொடாதீர்கள்.

குழாயின் உட்புறத்தை இது காக்குமா?

காக்காது. பல ஆலைகளில் சேசிஸை மின்முலாம் போன்ற திரவப் பெயின்ட் தொட்டியில் முக்குவதால் குழாயின் உள்ளேயும் படலம் ஏறியிருக்கும். பவுடர் வெளியே மட்டும்தான். ஆகவே ஆலைப் பூச்சு நன்றாக இருக்கும் புதிய வண்டியின் சேசிஸை அழகுக்காக மட்டும் உரித்து அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. பழைய சேசிஸ் என்றால் கோட்டிங் முடிந்தபின் குழாய்த் துளைகள் வழியாகத் துருத் தடுப்பு மெழுகைத் தெளித்துவிடுங்கள்.

கடற்கரை ஊர்களில் என்ன செய்வது? எந்தப் பொடி?

திருவொற்றியூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் ஒரே பூச்சோடு நிறுத்தாதீர்கள். கீழே துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர், மேலே பாலியெஸ்டர் என இரண்டு படலம் வேண்டும். எபாக்சி மட்டும் போட்டால் துருவைத் தடுக்கும், ஆனால் வெயிலில் சில மாதங்களில் வெளிறிச் சுண்ணாம்பு போல உதிரும். வீட்டு உபயோக மேசை நாற்காலிகளுக்கென வாங்கிய எபாக்சி கலப்புப் பொடியை வண்டிக்கு அடித்துவிடும் பட்டறைகள் உண்டு; வெளிப்புற உபயோகப் பொடிதானா என்று டப்பாவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பழைய, ஈரம் ஏறிக் கட்டிபிடித்த பொடியும் சரியாகப் பரவாது.

செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ஆலை வேலைக்குப் பரப்பளவுக் கணக்கு, தனி வண்டிக்குப் பாகக் கணக்கு. கறுப்பு மலிவு, காரணம், பட்டறையில் கறுப்பு தினமும் ஓடும். வேறு நிறம் என்றால் துப்பாக்கியையும் அறையையும் முழுதாகச் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு பெட்டிப் பொடியும் வாங்க வேண்டும்.

நன்றாக வெந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஓவனின் காற்று 200 டிகிரி காட்டினாலும் கழுத்துப் பகுதியின் கனத்த இரும்பு அந்தச் சூட்டை எட்ட நேரமாகும். தகட்டு பிராக்கெட் முன்பே எட்டிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் சேசிஸ் அரைவேக்காடாக இருக்கலாம். தின்னரில் நனைத்த துணியால் மறைவான ஓரிடத்தில் சிலமுறை அழுத்தித் தேயுங்கள். பளபளப்பு சற்று மங்குவது இயல்பு. நிறம் துணியில் தாராளமாக வந்தாலோ மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ அது வேகவில்லை. திருப்பிக் கொடுத்து மறுபடி ஓவனில் வைக்கச் சொல்லலாம். வெந்துவிட்டதென்றால் உள்மூலைகளையும் குழாய் சேரும் இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பொடி சேராத வெற்றிடம் முதலில் அங்கேதான் இருக்கும்.

சிறு கீறல் விழுந்தால்?

அன்றே கவனியுங்கள். கீறலின் ஓரத்தில் தளர்ந்திருக்கும் பூச்சைக் கத்தி நுனியால் உறுதியான இடம் வரை நீக்கி, உலோகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சிறு தூரிகையால் எபாக்சி பிரைமர் தொட்டு வையுங்கள். அது காய்ந்தபின் அதே நிறப் பெயின்ட்டை அருகிலுள்ள பூச்சின் விளிம்புக்கு மேல் சற்று ஏறும்படி தீட்டுங்கள். நிறம் துல்லியமாகப் பொருந்தாது. ஆனால் ஈரம் அடியில் நுழையும் வாசல் அடைபட்டுவிடும். மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவி, ஸ்டாண்ட் உரசும் இடத்தையும் செயின் தெறிக்கும் ஸ்விங் ஆர்ம் பக்கத்தையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கொப்புளம் விரலுக்குத் தட்டுப்படும்.